நாற்காலியில் இருந்த மேடம்

மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் நிலம் கைவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். நேருக்கு நேர் கேட்டபோது ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னவளும் நான்தான்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். நாள், தேதி மனதில் நிற்பதில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கோர்ட்டு வளாகத்தில் ஒரு சின்ன அறை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் அமர்த்திக் கொடுக்கும் இடம். அதைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. வடக்கனந்தலிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். எல்லாருக்கும் நான் ‘ஆயா’. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் எனக்குப் பேச்சு எழாது. நாலு பேர் நின்றால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறவள்.

அன்று வக்கீல்கள் எல்லாரும் கோர்ட்டைப் புறக்கணித்து முன்வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளார்க் டீ குடிக்கப் போய்விட்டார். தரை துடைத்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவருடைய நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு நிமிடம்... உட்கார்ந்தேன். துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது. அது மட்டும் கையில் இருந்திருந்தால்!

பின்பக்க கேட் வழியாக ஒருத்தி வந்தாள். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

“மேடம், எலவச வக்கீலு குடுக்கறது இங்கதானுங்களா?”

மேடம்! இத்தனை வயதில் என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

பெயர் சின்னப்பொண்ணு. மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமம். புருஷன் செத்தபிறகு அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் மரவள்ளி போட்டுப் பிழைக்கிற நிலம். அது தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டுவிட்டான். கோர்ட்டு அனுப்பிய காகிதத்தை நீட்டினாள்.

“இதுல போட்ட நாளுக்கு வர்லைன்னா எல்லாம் போயிடும்னு கண்டக்டரு படிச்சிட்டு சொன்னாருங்க. இன்னும் எட்டு நாளு கீதுங்க மேடம்.”

‘கிளார்க் வரட்டும், உட்காரும்மா.’ இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? கிளார்க் பத்துப் பேரிடம் சொல்லிக் கேட்டதை, அவருடைய குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

“வருமானச் சான்று கீதா? அத்த வாங்கிக்கினு வா. அது இல்லாம ஒண்ணும் நடக்காது.”

“வாங்கிக்கினு வந்துர்றேங்க மேடம்.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். வருகிறவர்கள் பெயர் எழுதுகிற பதிவேடு மேசைமேல்தான் இருந்தது. அதில் அவள் பெயர் ஏறவில்லை. நான்தான் நிலைப்படியைத் தாண்டவே விடவில்லையே!

அன்று பஸ்ஸில் அந்தக் குரலை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என்ன பெருமை எனக்கு! தூ!

கேளுங்கள். இலவச வக்கீல் கேட்கப் பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை. பழங்குடி சனத்துக்கும் தேவையில்லை. அவளுக்கு இரண்டு வகையிலும் தேவையில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், பெரிய பலகையில், தமிழில்தான் எழுதியிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும். தினமும் அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைக்கிறேன்... ஒரு நாளும் படித்ததில்லை.

அவள் அலைந்தாள். ஒரு நாள் விஏஓ ஊரில் இல்லை. ஒரு நாள் ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றார்கள். வெள்ளிமலை தாலுகா ஆபீசுக்குப் போனால் கம்ப்யூட்டர் ஓடவில்லை. மழையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. அந்த எட்டு நாள் போயிற்று. இரண்டு மாதமும் போயிற்று. எதிர்த்துப் பேச ஆள் வரவில்லை என்று கொழுந்தன் பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

அதன்பிறகு சான்றோடு வந்தாள், கசங்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு. எங்கள் அறைக்கு வருகிற வக்கீல் பொண்ணு அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

“இத யாரும்மா கேட்டா? பொம்பளைங்களுக்கு இது வேணாமே! நீ மலை சனம், உனக்கு டபுளா வேணாம்! யாரு உன்ன இப்டி அலையவுட்டது?”

“இந்த நாற்காலியில ஒரு மேடம் இருந்தாங்க. நாளு சொல்லத் தெரியலைங்க... கெடுவுக்கு முன்னயே வந்தேன்.”

“இங்க மேடம்னு கீறது நான் ஒருத்திதான். நான் எங்க அதுல குந்துனேன்? ஆயா, யாரு வந்து குந்துனது? உனக்குத் தெரியுமா?”

நான் மூலையில் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு இன்னாம்மா தெரியும்? பெருக்கிட்டுப் போறவ.”

சின்னப்பொண்ணு திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நீங்க பெருக்கறவங்களா? நான் மேடம்னு நெனச்சிக்கினேன்.”

ஏன்டி, அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்து ‘இவள்தான்’ என்று கத்தியிருக்கக் கூடாதா? நாற்காலியில் யார் இருந்தாலும் நம்பிவிடுவாயா? சான்று எதற்கு என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டாயா?... பாருங்கள், செய்ததும் நான், கோபித்துக்கொள்கிறவளும் நான்!

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி வக்கீல் பொண்ணு மனுப் போட்டது. இலவச உதவி அறையில் யாரோ தவறாகச் சொல்லி அனுப்பியதால்தான் வர முடியவில்லை என்று காரணம் எழுதியது. விசாரணை அன்று நான் வராந்தாவில் பக்கெட்டோடு நின்றேன். கொழுந்தனுடைய வக்கீல் பேசியது நன்றாகக் கேட்டது.

“யாரோன்னா யாருங்கய்யா? பேரு இல்ல. பதிவேட்டுல இவங்க வந்த தடமும் இல்ல. நாற்காலியா பேசிச்சு?”

உள்ளே சிரித்தார்கள். நாலு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனேன்... மனு தள்ளுபடி.

நட்ட மரவள்ளியைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டிருக்கிறானாம். மேல்கோர்ட்டுக்குப் போக இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றனவாம். டீ கொண்டுபோய் வைத்தபோது வக்கீல் பொண்ணு புலம்பியது.

“ஆயா, அந்த மேடம் மட்டும் என் கையில கெடைக்கணும்!”

“கெடைச்சா இன்னா பண்ணுவ?”

“மொதல்ல நடந்தத எழுதி ஒரு கையெழுத்து. அப்பறம் ரெண்டு அறை.”

அறைக்குப் பயந்தா சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? இல்லை... என்னை மேடம் என்று நினைத்துக் கும்பிட்டாள், நான் எழுந்திருக்கவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. அந்த வெட்கம்தான். அவளுடைய நிலத்தைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாயிற்று!

இந்தத் தாளை இரண்டு முறை அந்தப் பொண்ணின் மேசையில் வைத்தேன். இரண்டு முறையும் துடைக்கிற துணியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மேலே தேதிக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

கோர்ட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வக்கீல்கள் வாசலில் நின்று கோஷம் போட்ட நாள் செவ்வாயா, புதனா? கெடுவுக்கு எட்டு நாள் முன்பு என்பது நிச்சயம், தேதிதான் குழம்புகிறது. சரிபார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்... தேதி தெரியாததை இன்னொரு சாக்காக நான் பிடித்துக்கொள்வதற்குள்.