பள்ளிக்கூடம் எந்தக் கரை?

கரும்புச்சாறு கொதிக்கிற வாசனைக்கு டவுன் பஸ் ஜன்னல் ஒரு தடையா என்ன? கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏறிக்கொண்டது. டிக்கெட் எடுக்கவில்லை. என் தோளில் கைபோட்டு, அரைக்கால் டவுசர் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போனது... சாப்பாட்டு மணி அடித்ததும் வாய்க்காலைத் தாண்டி ஓடுவோம். மேற்குக் கரையில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. கரும்புத் துண்டைச் சூடான பாகில் முக்கித் தருவார்கள். மத்தியானக் கணக்கு வகுப்பு முழுக்க விரல் ஒட்டும். நோட்டும் ஒட்டும்.

இப்போதும் அதே பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நடுவே வாய்க்கால் ஓடுகிற எங்கள் சின்ன ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளி. கட்டடம் கிழக்குக் கரையில். ஆண்டு விழா வருகிறது. பள்ளியின் வரலாற்றைச் சுவரில் எழுத வேண்டும். "நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களே சார்" என்று தலைமையாசிரியை கலைச்செல்வி போன் செய்திருந்தார்.

எழுதுகிறவனுக்குச் சுவரைவிடப் பெரிய பத்திரிகை எது? யாரும் கிழித்து பஜ்ஜி எண்ணெய் ஒற்ற முடியாது!

வாசலிலேயே டீச்சர் கவலையைச் சொல்லிவிட்டார். "வரலாறு நிறைய இருக்கு சார். ஒண்ணாங்கிளாஸுக்குத்தான் புள்ளைங்க இல்ல. பிரைவேட் ஸ்கூல் மஞ்ச வேன் வந்து ரெண்டு கரையிலயும் அள்ளிக்கினு போயிடுது. இந்த வருஷமும் யாரும் சேரலன்னா, பக்கத்து ஊரு ஸ்கூலோட சேத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு."

உள்ளே ஊர்க்கூட்டம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தேன். "வாய்க்காலின் கிழக்குக் கரையில், ஒரு புங்கமர நிழலில் பிறந்தது இந்தப் பள்ளி..."

அவ்வளவுதான்.

"நிறுத்துண்ணே!" என்று எழுந்தாள் தனம். அந்த வெல்லக் கொட்டகைக் குடும்பத்து மருமகள். "எங்க கொட்டாயில பொறந்த பள்ளிக்கூடத்த, மரத்தடியில பொறந்துச்சுன்னு எழுதிக்கினு வந்துட்ட? நீ கெழக்குக் கரைக்காரன். வேற எப்பிடி எழுதுவ!"

"கொட்டாயில இருந்துச்சும்மா, யாரு இல்லன்னா?" — ராமலிங்கம் மாமா. கிழக்குக் கரைக்காரர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். "அடுப்பு பத்த வெச்சா தொரத்தி வுட்டுடுவீங்க இல்ல? அப்ப எங்க மரந்தான எடம் குடுத்துச்சு?"

இரண்டுமே உண்மை. கட்டடம் வருவதற்கு முந்தைய கதை இது. கரும்பு வெட்டாத மாதங்களில் மேற்குக் கரைக் கொட்டகை காலியாகக் கிடக்கும், அதில் வகுப்பு. வெல்லம் காய்ச்ச ஆரம்பித்ததும் கரும்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு — வாத்தியார் முன்னால், பிள்ளைகள் பின்னால் — வாய்க்காலில் இறங்கி ஏறி, கிழக்குக் கரை மரத்தடிக்கு. அடுப்பு அணைந்ததும் மறுபடி மேற்கே... பருவத்துக்குப் பருவம் இடம் மாறிய பறவை அந்தப் பள்ளிக்கூடம்! அது முதல் முட்டை இட்டது எந்தக் கரையில் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் கூட்டத்துக்குப் பறவை வேண்டாம். கரை வேண்டும்.

"மேக்கரைய மொதல்ல எழுதலன்னா எங்க தெருவுல ஒருத்தரும் விழாவுக்கு வரமாட்டோம்" என்றாள் தனம்.

"இந்தக் குதி குதிக்கிறியே, ஒம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு வேன்ல எடம் சொல்லி வெச்சிருக்க?"

"ஒம் பேரனுக்கும் அதே வேன்லதான மாமா சொல்லி வெச்சிருக்க?"

கொல்லென்று சிரிப்பு. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார். "சண்டை வேணாங்க. எங்க பொறந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். ஜூன் மாசம் ஒண்ணாங்கிளாஸ்ல எந்தக் கரைப் புள்ளைங்க ஜாஸ்தியோ, அந்தக் கரை பேர மொதல்ல எழுதறேன். அதுவரைக்கும் செவுத்துல மொத வரி காலியா இருக்கட்டும்."



என் முதல் வரி போயிற்று. வருத்தமா? சத்தியமாக இல்லை. வரலாறு என்றால் நடந்து முடிந்தது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பெருமை பேச எல்லோரும் வருவோம். பிள்ளையை அனுப்பச் சொன்னால்தான் வேன் ஹாரன் காதில் விழும். நம்மில் யார் விதிவிலக்கு, சொல்லுங்கள்?

கூட்டம் கலைந்தது. தனம் வாய்க்கால் பாலம்வரை போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"டீச்சர்... எம் பொண்ணு யாழினிக்கு சித்திரையில அஞ்சு முடியுது. இங்கயே சேத்துடறேன். வேன்காரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நல்லா சொல்லிக் குடுப்பீங்க இல்ல?"

"குடுப்பேம்மா." டீச்சர் பெயரை எழுதிக்கொண்டார்.

இது மாமாவின் காதில் விழாமல் இருக்குமா? "ஏ தனம்! ஆட்டத்த ஆரம்பிச்சிட்டியா? இரு... எங்க வூட்டுப் பையனும் இங்கதான். நாளைக்கு விடிஞ்சதும் எங்க தெருவுல வூடு வூடா ஏறி எறங்கறேன் பாரு!"

பாலத்தின் மேல் விறுவிறுவென்று நடந்தபடியே தனம் கத்தினாள்:

"நீ நாளைக்கு ஏறு மாமா! நான் இப்பவே போய்க்கினு இருக்கேன்!"