எகிப்தைச் சைரஸுக்குக் கொடுத்துவிட்டேன்

பாரசீக மன்னன் சைரஸைப் பற்றி ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். பொய். என்னிடம் ஏணிதான் கேட்பார்கள். நான் மியூசியத்தில் ஃபோலி ஒட்டுகிறவன். தமிழை எழுத்துக் கூட்டுவேன். மற்றபடி பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

ஃபோலி என்பது பின்பக்கம் பசை உள்ள பிளாஸ்டிக் தாள். நாடு நாடாக வெட்டி ஒட்டினால் சுவரில் பேரரசு வளரும். சைரஸுக்குச் சிவப்பு. மேதியா, லிதியா ஒட்டினேன். பாபிலோனைக் குமிழி இல்லாமல் ஒட்டினேன். அந்த மனிதன் வருடக்கணக்கில் குதிரையில் அலைந்து பிடித்ததை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். சிவப்பில் ஒரு பெரிய துண்டு மிஞ்சியது. எகிப்து வெறுமையாகக் கிடந்தது. மிச்சத்தை எறிய எனக்கு மனம் வராது. ஒட்டிவிட்டேன். ஒரு நீல ரோல் எதற்கென்று தெரியாமல் கிடந்தது. மூலையில் சாத்தி வைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குத் திறப்பு விழா. என்னை வேலையில் வைப்பதா அனுப்புவதா என்று பார்க்கும் ஆறு மாத புரோபெசைட்டும் அந்த வாரம்தான் முடிகிறது. அன்று காலை எட்டு மணிக்கு நிலம் துடைக்க வந்த வசந்தி அக்கா, எந்த நாட்டுக்கு எந்த நிறம் என்று படத்தோடு எழுதிய பிளானையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"தம்பி, எகிப்தைப் பிடிச்சது சைரஸின்ரை மகன். நீலம் எண்டு எழுதிக் கிடக்கு. செத்த மனிசனை ஏன் இன்னொரு சண்டைக்கு அனுப்பினீர்?"

"நான் படத்தைத்தான் பாத்தனான் அக்கா."

"படம் கறுப்பு வெள்ளையெல்லோ."

முடி உலர்த்தும் மெஷினால் அக்கா சூடு காட்ட, நான் உரித்தேன். பாதி எகிப்து தொங்கும்போது கண்காட்சிப் பொறுப்பாளர் கெஸ்லர் அம்மா வந்து நின்றா. பிளானைப் பார்க்கவில்லையா என்று கேட்டா. அக்கா எனக்காக ஏதோ பொய் சொல்ல வாயெடுத்தா. நான் முந்திவிட்டேன். ஜெர்மன் பேசுவேன், வாசிக்கத் தெரியாது என்றேன். ஆறு மாதம் மறைத்தது ஒரு மூச்சில் வெளியே வந்தது. வேலை போயிற்று என்று கருவிப்பெட்டியை மூடினேன்.

அந்த அம்மா பெட்டியைத் திறந்து, ஃபோலி தேய்க்கும் தகட்டை என் கையில் தந்தா. பிறகு பிளானை வரிவரியாக வாசித்தா. நான் ஒட்டினேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க எகிப்து நீலமானது. வெள்ளிக்கிழமை என் நிரந்தர ஒப்பந்தத்தையும் அப்படியே முழுக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டா.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: தெரியாததை முதல் நாளே—

"தம்பி, எழுதினது காணும், நிப்பாட்டும். அடுத்த கண்காட்சி ரோமருக்குச் சுவர் பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது. கெஸ்லர் அம்மா பிளானோடை நிக்கிறா, உமக்கு வாசிக்க."