சுவரில் தொங்கிய சட்டைத்துண்டு

லீலண்ட் வாஸ் பால் லாரி ஓட்டுகிறவர். விஸ்கான்சினின் வடக்குப் பண்ணைகளில் அவர் லாரி திரும்பும் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட வீடுகள் உண்டு. அந்த ஹாரனைக் கேட்காமல் மடி சுரக்காத பசு ஒன்று இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், பசுவும் இப்போது இல்லை. ஓரிடத்தில் நிற்பது என்றால் அவருக்குக் காலில் எறும்பு ஏறும். அப்படிப்பட்டவரை, தலை நரைத்த பிறகு, மரத்தில் கட்டிய பரணில் ஏற்றி அசையாமல் உட்கார் என்றார்கள்.

ஏற்றியவள் பெர்னடீன், காலம் கடந்து அவர் கட்டிக்கொண்ட மனைவி. ஃப்ளூகர் வீட்டுப் பெண். ஃப்ளூகர்கள் நவம்பரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், செத்தால்கூட மான் வேட்டைக் காலம் முடியட்டும் என்று பார்ப்பார்கள். காட்டுக்குள் அவர்களுக்கு ஒரு மரக்குடில் இருந்தது. அங்கே வருகிற மாப்பிள்ளை துப்பாக்கி பிடித்தாக வேண்டும்.

போகும் வழியிலேயே பெர்னடீன் அவருடைய ஆசைக்கு அளவு வெட்டிவிட்டாள்.

"மொத வருஷம் அணில் பாப்ப. ரெண்டாவது வருஷம் ஓடுற வால் பாப்ப. மூணாவது வருஷம், ஒழுங்கா உக்காந்திருந்தியானா, மான் உன்னப் பாக்கும்."

"நான் எப்பத்தான் சுடுறது?"

"உக்காரவே இன்னும் தெரியல, அதுக்குள்ள சுடணுமா?"

அவளுடைய அண்ணன் நார்பர்ட் தன் பங்குக்குத் தாத்தாவின் தொப்பியைக் காட்டினான். தாத்தா அசையாமல் உட்கார்ந்திருந்ததில் மரங்கொத்தி வந்து போட்ட ஓட்டையாம் அது. ஓட்டையை நானும் பார்த்திருக்கிறேன். அந்துப்பூச்சிக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

விளையாட்டாகச் சொன்னவை போக, பெர்னடீன் ஒன்றை மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சுட்டதும் எறங்காத. மான் முதுகக் கூனிக்கிட்டு மெல்ல நடந்து போச்சுன்னா வயித்துல பட்டிருக்கு. அப்ப மதியம் வரைக்கும் மேலயே இரு. தொரத்தலன்னா அது பக்கத்துலயே படுத்து அடங்கிரும். தொரத்தினா, சாகவும் முடியாம எங்க போகுமோ தெரியாது."

லீலண்ட் தலையாட்டினார். எளிய காரியமாகத்தான் பட்டது.

வேட்டை தொடங்கிய அன்று காலை, பனி விழுந்து இறுகிய தரையில் அணில்தான் முதலில் வந்தது. மரத்தடியில் பனி மூடாத காய்ந்த இலைக்குள் அது ஓடிய சத்தத்துக்கு யானைக் கூட்டமே வருகிறது என்று அவர் மூன்று முறை துப்பாக்கியைத் தூக்கினார். வெளிச்சம் முழுதாக வருவதற்குள் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த ரொட்டி தீர்ந்துவிட்டது. கால் விறைத்தது. இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல், ஒரு கொம்பன் மான் கீழே நின்றது.

அது திரும்பும்வரை பொறுத்திருந்தால் நெஞ்சு தெரிந்திருக்கும். லீலண்ட் பொறுக்கவில்லை. வெடித்தது. கொம்பன் ஒருமுறை துள்ளி, முதுகைக் கூனிக்கொண்டு, மெல்ல நடந்து புதருக்குள் போனது.

பெர்னடீன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருக்கும்போதே கால்கள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தன.

பனியில் ரத்தம் இருந்தது. அதோடு பச்சையாய், பாதி செரித்த புல்லும். புதருக்குப் பின்னால், கல்லெறி தூரம்கூட இல்லை, மான் படுத்திருந்தது. இவரைக் கண்டதும் முன்னங்காலை ஊன்றி எழ முயன்றது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. பிறகு சதுப்பு நிலத்தை நோக்கிப் போய்க் கோரைக்குள் மறைந்தது. அவருக்குத் துப்பாக்கியைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த வீட்டின் வழக்கம் அவருக்குத் தெரியும். யார் சுட்ட மானாக இருந்தாலும் அடிபட்டுவிட்டால் எல்லோரும் தங்கள் வேட்டையை விட்டுவிட்டுத் தேட வேண்டும். வருஷம் முழுக்கக் காத்திருந்த நார்பர்ட்டின் நாள் போகும். மான் படுத்த இடத்தைப் பெர்னடீன் பார்ப்பாள், இவருடைய காலடியைப் பார்ப்பாள். சொன்னது ஒன்றே ஒன்று, அதைக்கூடக் கேட்கவில்லை என்பது பனியில் எழுதிவைத்தது போலக் கிடந்தது. லீலண்ட் பூட்ஸால் பனியைத் தள்ளி ரத்தத்தை மூடினார்.

மத்தியானம் குடிலில் நார்பர்ட், "மாப்ள, வெடிச் சத்தம் ஒன்னு கேட்டுச்சே?" என்றான்.

"தப்பிருச்சு மச்சான்."

அங்கே தப்பவிட்டவனுக்குக் கிடைப்பது திட்டு அல்ல, மரியாதை. நார்பர்ட் கத்தரிக்கோலோடு வந்து அவருடைய சட்டையின் பின்பக்கக் கீழ்விளிம்பைக் கை அகலத்துக்கு வெட்டி, பெயர் எழுதிச் சுவரில் ஆணியடித்தான். சுவர் முழுக்க அப்படிப்பட்ட துண்டுகள்தாம். நார்பர்ட்டின் துண்டுகளை வைத்து ஒரு போர்வை தைக்கலாம். பிராந்தி ஊற்றினார்கள். "இப்பத்தான்யா நீ எங்க வீட்டு ஆளு" என்று நார்பர்ட் முதுகில் தட்டினான். அந்தத் தட்டுதான் லீலண்டுக்கு வலித்தது.

பெர்னடீன் மட்டும் சிரித்து முடித்ததும் கேட்டாள். "நின்ன எடத்துல போய்ப் பாத்தியா? முடி, ரத்தம்?"

"ஒன்னுமில்ல."

அவள் நம்பினாள். போன வருஷத்து மான்கறிக் குழம்பில் பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்டு, பெரிய கறித்துண்டாகப் பொறுக்கி அவர் கிண்ணத்தில் வைத்தாள். லீலண்ட் கரண்டியை எடுத்தார், வைத்தார். ஜன்னலுக்கு வெளியே புதுப் பனி விழத் தொடங்கியிருந்தது. பூட்ஸால் தான் பாதி மூடியதை அது முழுக்க மூடிவிடும். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியவராது. கோரைக்குள் இருக்கும் அந்த மானுக்குத் தவிர.

"பெர்ன், தப்பல. வயித்துல பட்டுச்சு. நான் எறங்கிட்டேன்."

நார்பர்ட் பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினான். பெர்னடீன் அடுப்பை அணைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு வயிறு நிறைந்தது போல இருந்திருக்கும்.

தடம் புதுப் பனிக்கடியில் போய்விட்டிருந்தது. மூவரும் கோரைக்குள் வரிசையாக, கைக்கு எட்டும் இடைவெளியில், முழங்கால் சேற்றில் நடந்தார்கள். வெளிச்சம் மங்கும் முன் நார்பர்ட்தான் கண்டான். கொம்பன் தலையைத் தூக்கி வைத்திருந்தது. முதுகில் பனி படிந்திருந்தது. உயிர் இருந்தது.

நார்பர்ட் துப்பாக்கியைத் தூக்கவில்லை. "நீதான் மாப்ள" என்றான்.

லீலண்ட் கிட்டே போனார். இந்த முறை அது எழ முயலவில்லை. குறி நெஞ்சில் நிலைக்கும்வரை அவர் காத்திருந்தார். அன்று அவர் காத்திருந்தது அது ஒன்றுக்குத்தான்.

இழுத்து வரும்போது புதரருகே பெர்னடீன் நின்றாள். புதுப் பனிக்கடியிலும் அந்த முதல் படுக்கை குழிவாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். பிறகு கயிற்றின் மறுமுனையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். "எவ்வளவு பக்கத்துல" என்றாள்.

வயிற்றுப் பக்கக் கறி கெட்டிருந்தது. மிச்சத்தை வெட்டிக் கட்டினார்கள். கிளம்பும்போது நார்பர்ட் சுவரிலிருந்து துண்டைப் பிடுங்கி அவரிடம் நீட்டினான். "இது தப்பவிட்டவங்க செவுரு. உன்னுது இங்க இருக்கக் கூடாது." குரலில் கோபம் இல்லை. இருந்தால் தேவலை என்று லீலண்ட் நினைத்தார்.

வீட்டில் துண்டைத் திரும்பத் தைக்கப் பெர்னடீன் ஊசி நூலை எடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். அந்தக் குட்டைச் சட்டையைத்தான் இன்றும் வேட்டைக்குப் போட்டுப் போகிறார். பரணில் உட்கார்ந்தால் இடுப்பில் குளிர் நேராக ஏறும். அடுத்த வருஷம் அவர் சுடவில்லை. அதற்கடுத்த வருஷம் ஒரு கொம்பன் நெஞ்சைக் காட்டி நின்றது. சுட்டார், நின்ற இடத்திலேயே விழுந்தது. பரணிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி செத்துக் கிடந்தது.

மத்தியானம் கடந்தும் ஆளைக் காணாமல் பெர்னடீன் தேடி வந்தாள். மானைப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். தொப்பியில் பனி ஏறிப்போய் லீலண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கு உசிரு எப்பவோ போயாச்சு. எறங்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே, பெர்ன்."

அவள் ஏணியடியில் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு, பனியைத் தட்டி, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.