என் மேஜைக்கு வந்த பெரும்பாக்கம்

உலகத்தில் எந்த நாட்டில் எந்த ஆட்சி கவிழ்ந்தாலும், அதைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதும் கட்டுரைக்குக் கமா வைப்பது தாம்பரத்தில்தான். வெளிநாட்டு அரசியல் அறிவியல் ஆய்விதழ்களுக்கு மொழி திருத்தி அச்சுக்கு அனுப்பும் ஆபீஸ் எங்களுடையது. அடுத்தவர் எழுத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிட்டு, தன் பெயரை எங்கேயும் பார்க்காத சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

படித்த பாவம்

இதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் பெயரில் மட்டும். நிரந்தர வேலை வேண்டுமென்றால் வெளிநாட்டு இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்றார்கள். அது வரும்வரை வயிற்றுப்பாட்டுக்கு என்று இங்கே வந்தேன். இன்டர்வியூவில் அரசியல் அறிவியலில் எம்.ஏ., எம்.ஃபில். என்று சொல்லிவிட்டு, பாராட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீம் லீடர் முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் வெளியிலயே விட்டுட்டு வாங்க மேடம். விஷயம் தெரிஞ்சவங்க உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சிடறாங்க, வேலை நின்னுடுது."

பெயர் சொல்லாத நீதிபதிகள்

நான் எழுதிய கட்டுரை சென்னைக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கத்தைப் பற்றியது. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அங்கே அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட பெண்களை, கல்லூரியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஏழாவது மாடி செல்வி அக்கா முதல் நாளே சொன்னார்: "பொண்ணு பரீட்சைக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பாத்தா வூடு இல்ல, லாரிதான் நிக்குது." அதையே முதல் வரியாக வைத்தேன். உங்கள் கதை உலகம் பூரா போகும் என்று வாக்கும் கொடுத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

எங்கள் ஆபீஸுக்கு வரும் இதழ் ஒன்றுக்கே அதை அனுப்பினேன். எழுதியவர் பெயரை மறைத்து, தங்கள் பெயரையும் சொல்லாத இரண்டு பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். பதில் வந்த அன்று நான் திருத்திக்கொண்டிருந்தது, ஐரோப்பாவில் மூன்றே தெரு உள்ள ஒரு கிராமத்தின் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி முப்பது பக்கம். என் கட்டுரையை நிராகரித்த நீதிபதி எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஒரே ஒரு குடியிருப்பைப் பற்றிய தகவலால் உலக வாசகருக்கு என்ன பயன்?"

கேட்கக்கூடிய கேள்வி

போன மாதம் பெரும்பாக்கமே என் மேஜைக்கு வந்தது. அதே இதழ். எழுதியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். இந்தியா முழுக்கப் பத்து நகரங்களை அலசியிருந்தார். பெரும்பாக்கத்துக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம்: குடும்பங்கள் பெரும்பாலும் விரும்பியே இடம்பெயர்ந்தன.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதிக் கட்டுரையாளரைக் கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. வருஷம் விட்டுப்போயிருக்கிறதா, வரைபடம் சரியா என்கிற மாதிரிக் கேள்விகள். நான், 'இது சரியல்ல, அங்குள்ளவர்களிடம் நேரில் பேசியிருக்கிறேன்' என்று எழுதினேன். டீம் லீடர் தலையில் கைவைத்துக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடி அனுப்ப வைத்தேன். பேராசிரியர் மறுநாளே பதில் போட்டார், மிகவும் மரியாதையாக: "சுட்டிக்காட்டியதற்கு நன்றி. பிரசுரமான ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள், உடனே மாற்றிவிடுகிறேன்."

செல்வி அக்காவின் சந்தேகம்

ஆதாரம் என்னிடம்தான் இருந்தது, அந்த இதழே வேண்டாமென்று திருப்பிய ஆதாரம். பிரசுரமாகாதது கணக்கில் வராது. இன்னொரு முறை வாதாடியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன், அதுதான் உண்மை. கெடு முடிந்தது, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்து நானே அனுப்பினேன்.

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் பிடித்துச் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் டீ போட்டுக்கொண்டு வந்து, "எங்க கதை வந்துச்சா டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி, அந்த வாக்கியத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. "அந்தாளு எங்கள பாத்ததே இல்ல, அவரு இன்னா வேணா எழுதுவாரு. நீ இங்க குந்திகினு நோட்டுல எழுதிகினு போனியே, தெரிஞ்சேவா வுட்டே?"

அந்த வாக்கியத்தில் ஒரு கமாகூடத் தப்பில்லை என்பதற்கு மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.