நீல முடிக்காரிக்கு மூன்று சுற்று

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிளோடு ஓடைப் பாலத்திலிருந்து விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தர்மபுரியில் தகடு வைத்துத் திருகு முடுக்கினார்கள். பத்து வாரம் கழித்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி காலை ஊன்றி நடக்கலாம் என்றார். மகள் ஊன்றவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலால் தத்தித் தத்திப் போவாள். வலது கால் கொக்குக் கால் மாதிரி மேலேயே நிற்கும். கேட்டால், கீழே வைத்தால் எலும்பு முறிந்தபோது வந்த அந்தச் சத்தம் கேட்கிறது என்றாள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் இப்படியே தூக்கி வைத்திருந்தால் கணுக்கால் இறுகிவிடும், சதை சூம்பிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் சாய்ந்துதான் நடக்க வேண்டும் என்றார். அவளுக்குப் பதினைந்து வயது.

நான் எட்டாவது வரை படித்தவன். இண்டூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சாமந்தி போடுகிறேன், இரண்டு மாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சாமியிடம் சொல்வது. எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சொன்னேன். குலதெய்வத்துக்குச் சொன்னேன். மலைமேல் இருக்கிற முருகனுக்கும் சொன்னேன். என் மனைவி பக்கத்துச் சாமிகளுக்கு அவள் சொன்னாள். சொல்லாத சாமி இல்லை என்றான பிறகு, இரண்டு பேரும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன பார்க்கிறாள் என்று ஒரு நாள் பால் கறந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்ட்டூன் படம். ஐந்து பெண்கள். மகள் வயசுதான் இருக்கும். அவர்கள் பாட்டுக் குழு. பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், இரண்டையும் பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே செய்கிறார்கள். செருப்புக்கு அடியில் கத்தி. நான் பார்த்த பனிக்கட்டி மீன்காரர் பெட்டியில் இருப்பதுதான். அதன்மேல் நிற்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

பேச்சு ஜப்பான் பாஷை. கீழே இங்கிலீஷ் ஓடும். மகள் அதைப் படித்துத் தமிழில் சொல்வாள். அவளுக்குச் சொல்ல ஆள் கிடைத்தது. எனக்கு அவள் பேசுவதைக் கேட்கக் கிடைத்தது. விழுந்ததிலிருந்து அவள் எங்களிடம் சரியாகப் பேசியே இருக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு பகுதி, சாயந்திரம் ஒரு பகுதி என்று பார்க்க ஆரம்பித்தோம்.

எனக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. அவ்வளவு குளிரில் முழங்காலுக்கு மேல் பாவாடை எதற்கு என்று கேட்டேன். அது டிரெஸ் என்றாள். இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா எங்கே, ஒருவரும் வந்து பார்க்கக் காணோமே என்றேன். அவங்க எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க என்றாள். ஐந்து பேருக்கும் பேர் வாயில் நுழையவில்லை. முடியை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டேன். ரோஸ் முடி, மஞ்சள் முடி, பச்சை முடி, கறுப்பு முடி, நீல முடி. கறுப்பு முடிக்காரியைப் பார்த்தால் மட்டும் நம்ம வூட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும்.

நீல முடிக்காரிதான் கதையில் முக்கியம். அவள்தான் காற்றில் எழும்பி மூன்று சுற்றுச் சுற்றி இறங்குவாள். ஆறாவது பகுதியில் இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்துவிட்டாள். மகள் படத்தை நிறுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயந்திரம் பார்க்கவில்லை. மறுநாள் அவளே எடுத்தாள். ஏழாவதிலும் எட்டாவதிலும் நீல முடிக்காரி பனிக்கட்டிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள்தான் பயந்துகொண்டு இறங்கவில்லை. மற்ற நாலு பேரும் ஐந்து பேருக்கு இடம் விட்டே ஆடிப் பழகுகிறார்கள்.

எட்டாவது பகுதி முடிந்ததும் மகள், என்னைப் பார்க்காமல், "அவ எந்திரிச்சு எறங்கினா நானும் கால ஊனறேன்ப்பா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ. நான் அதைக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. குளித்து, திருநீறு பூசி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். தாயே, அந்த நீல முடிப் பெண் எழுந்து நின்று, விழாமல் ஒரு பாட்டு முழுக்கச் சறுக்கி முடித்தால், அவள் பேரில் மாவிளக்கும் கோவிலைச் சுற்றி மூன்று சுற்றும் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மகளுக்குப் பூசிய கையோடு போனில் தெரிந்த அந்தப் பெண்ணின் நெற்றியிலும் கொஞ்சம் திருநீறு வைத்தேன். மகள் அதைத் துணியால் துடைத்தாள்.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"ஏங்க, அது எடுத்து முடிச்ச படந்தானே. முடிஞ்சு போனதுக்கு இப்ப வேண்டிக்கிட்டா ஆத்தா என்னங்க பண்ணுவா?"

அம்மனுக்கு நான் வேண்டப் போவது முன்கூட்டியே தெரிந்திருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி அப்போதே எடுக்க வைத்திருப்பாள் என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அது எனக்குச் சரியான பதிலாகவே இன்றைக்கும் படுகிறது.

பதினொன்றாவது பகுதியில் நீல முடிக்காரி இறங்கினாள். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை விட்டாள். பாட்டு முடிகிற வரை விழவில்லை. எழும்பிக் குதிக்கவில்லை, ஆனால் நான் குதிக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளவில்லை. நான் கும்பிட்டுவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கால் மேலேயே இருந்தது.

"அவ எந்திரிச்சுட்டாளே பாப்பா" என்றேன்.

"அது வரைஞ்ச காலுப்பா" என்றாள். "எந்திரின்னு வரைஞ்சா எந்திரிக்குது. என் கால யாரு வரையறது?"

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற வேலை இருந்தது. போய்விட்டேன்.

மகள் நடக்கவில்லை. ஆனால் வேண்டுதல் பலித்துவிட்டது. பலித்ததைச் செலுத்தாமல் வைத்திருப்பது நல்லதில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர், தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு, தன் காலால் கோவிலை மூன்று சுற்று வர வேண்டும். கைக்குழந்தையானால் தாய் தூக்கிக்கொண்டு சுற்றுவாள். மாட்டுக்கு வேண்டிக்கொண்டவர்கள் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து சுற்றுவார்கள். பட்டாளத்தில் இருக்கிறவனுக்கு அவன் வயசில் ஒருவன் சுற்றியிருக்கிறான். வரைந்த பெண்ணுக்கு என்ன வழி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பூசாரியிடம் போனேன். எங்களுக்கு அண்ணன் முறை. என்னைவிடக் கோவில் காரியத்தில் கறாரானவர்.

"யாருக்குப்பா வேண்டிக்கிட்ட?"

ஒரு பெண்ணுக்கு என்றேன். வயசு கேட்டார். பதினைந்து என்றேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது, பிறந்த நாள் தெரியும், வருஷம் தெரியாது, ரத்தம் மட்டும் ஏ வகை என்று மகள் சொல்லியிருக்கிறாள் என்றேன். அந்த ஊரில் அதைத்தான் எழுதி வைப்பார்களாம். ஊர் எது என்றார். ஜப்பான் என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவுவது நிற்கவில்லை.

"வர முடியாதா?"

"வர முடியாதுங்கண்ணா. படத்துல வரைஞ்ச பொண்ணு."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்று முடித்தார். பிறகு, அர்ச்சனையைச் சாமி பேரிலேயே பண்ணிவிடலாம், அதில் தோஷம் இல்லை என்றார். "ஆனா சுத்து சுத்துதான். அந்த வயசுல ஒரு கன்னிப் பொண்ணு சுத்தணும். அந்தப் பொண்ணப் பத்தி நல்லாத் தெரிஞ்சவளா இருக்கணும். தெரியாதவ சுத்தினா அது வெறும் நடை."

அவர் மனசில் என் மகள் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என் மனசில் இருக்கவில்லை என்பது மட்டும் சத்தியம். நடக்காத பிள்ளையை நடைக்கு யார் நினைப்பார்கள்? அடுத்த வூட்டுப் பெண்ணைச் சுற்ற வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவளும் மகளும் ஒரே வகுப்பு. வூட்டில் அதைச் சொன்னதும் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவளா? அவ ஒரு எபிசோடுகூடப் பாத்ததில்லப்பா. பாட்டு வந்தா தள்ளி விடுவா. அவ சுத்தினா எப்படிச் செல்லும்?"

அப்படியானால் கதையை அவளுக்குச் சொல்லிக் கொடு என்றேன். சொன்னாலும் புரியாது என்றாள். பிறகு யார்தான் இருக்கிறார்கள் என்றேன். போனைக் கீழே வைத்தாள். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த மனைவி, "நீ சும்மா இரு பாப்பா, உன்னால ஆகற காரியமா அது" என்றாள். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று சொன்னதுதான். மகள் முகம் கறுத்துப் போயிற்று. இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம் தாவணியை எடுத்து வைக்கச் சொன்னாள். எதற்கு என்று என் மனைவி கேட்கவில்லை. அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

தை மாசத்து வெள்ளி. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியும் பனி போகவில்லை. ஆட்டோவில் கூட்டிப் போனோம். கோவில் வாசலில் குழாயடியில் மனைவி அவள் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். குளிரில் அவளுக்குப் பல் கிட்டித்தது. கோவிலைச் சுற்றிக் கல் பாவிய தரை. ஆடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கல் வழுக்கியது.

மகள் வழக்கம் போலத் தத்திப் போனாள். நாலாவது தத்தலில் வாக்கரின் கால் ஈரத்தில் சறுக்கி ஒரு பக்கமாக ஓடியது. நான் ஓடுவதற்குள் அவளே நின்றுகொண்டாள். எப்படி நின்றாள் என்று பார்த்தேன். வலது பாதம் தரையில் இருந்தது. விரல் ஐந்தும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஒத்தக் காலுல முடியாதுப்பா. வழுக்குது" என்றாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. வலது காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் வருகிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு வாக்கரைத் தள்ளினாள். இடது கால், வலது கால். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவளுக்கு முன்னால் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். துடைத்த இடத்திலேயே அவள் ஆடையிலிருந்து மறுபடி தண்ணீர் விழுந்தது. இருந்தாலும் துடைத்தேன்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதில் கோவிலுக்குப் பின்புறம், யாரும் பார்க்காத இடத்தில் நின்றுவிட்டாள். கால் நடுங்குகிறது என்றாள். தூக்கிக்கொள்கிறேன் என்றேன். தூக்கினால் கணக்கில் வராது என்றாள். பூசாரி, என்ன ஆளைக் காணோம் என்று தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "நின்னுக்க. எவ்வளவு நேரம் வேணாலும் நின்னுக்க. உக்காந்தா மட்டும் மொதல்ல இருந்து வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. கோவிலில் வைத்துக் கோபப்படக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள், உட்காரவில்லை.

மூன்றாவது சுற்றுக்குள் வெயில் வந்து ஆடை காய ஆரம்பித்துவிட்டது. பூசாரி அதையும் பார்த்துவிட்டார். இன்னொரு குடம் ஊற்றச் சொன்னார். மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஆனாலும் ஊற்றினாள். மூன்றும் முடிந்து அம்மன் முன்னால் நின்றபோது, மாவிளக்கில் இரண்டு தடவை நெய் விட்டாகியிருந்தது. தீர்த்தம் தெளிக்கும்போது பூசாரி, யார் பேருக்கு என்று சடங்குக்குக் கேட்டார். மகள் அந்த ஜப்பான் பேரை முழுசாகச் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்து, முடியாமல், மணியை அடித்தார்.

வூட்டுக்கு வந்ததும் கால் வீங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் பண்ணினேன். வீங்கட்டும், உயர்த்தி வைத்து ஒத்தடம் கொடுங்கள், ஊன்றினாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். ஊன்றினாள் என்றேன். எத்தனை அடி என்றார். எண்ணவில்லை என்றேன். மத்தியானம் வரைக்கும் அவள் படுத்தே இருந்தாள், கால் தலையணை மேல். திரும்பவும் பழையபடி ஆகிவிட்டது, அது அந்தப் பெண்ணுக்காக நடந்தது, அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சாயந்திரம் நானும் மனைவியும் வாசலில் உட்கார்ந்து சந்தைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே வாக்கர் நகர்கிற சத்தம் கேட்டது. அவள் தத்தினால் ஒரு சத்தம், இடைவெளி, இன்னொரு சத்தம் என்று வரும். இது அப்படி வரவில்லை. மனைவி தலையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை, கண்ணை மட்டும் திருப்பினேன். மகள் பானைக்குப் போனாள். ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். வீங்கின பாதம் முழுசாகத் தரையில் இருந்தது. பிறகு வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தாகம், அவ்வளவுதான்.

மனைவி கட்டிய சரத்தை வாங்கி அளந்தேன். கடைசி ஒரு முழத்துக்கு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைக்க வேண்டிய பூவையெல்லாம் ஒரே பக்கமாக வைத்துக் கட்டியிருந்தாள். நான் அதை அப்படியே கூடையில் வைத்தேன்.