உருளையில் ஒரு கொள்ளிடக் கல்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மோட்டார் உருளையில் சுழற்றி மெருகேற்றும் கற்களைக் கொல்லைக் குழாயடியில் கழுவியது. அம்மா ஒவ்வொரு கல்லையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் பிடித்து, விரிசல் தேடினார். விரிசலுக்குள் முந்தைய சுற்றின் கரகரப்பான பொடி ஒரு துகள் தங்கினாலும், பாலிஷ் சுற்றில் உருளையில் உள்ள எல்லாக் கல்லிலும் கீறல் விழும். சந்தேகப்பட்டதை எல்லாம் ஒதுக்கினார். ஒன்றை மட்டும் ஒதுக்கவில்லை.

அது பக்கத்துத் தெரு ரசியா பேகம் ஆன்ட்டியுடையது. அவர் கணவர் ஜெய்னுலாபுதீன் லாரி ஓட்டியவர். கொள்ளிடத்து மணலில் எடுத்த அந்தத் தேன்நிறக் கல்லைச் சாகும்வரை ஸ்டீயரிங் முன்னால் வைத்திருந்தார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அவருடையது என்று ஆன்ட்டியிடம் கையில் எடுத்துப் பார்க்க இருந்தது அது ஒன்றுதான்.

"உடைஞ்சிருமா இருதயம்?" அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டார் ஆன்ட்டி.

"உடையாது. குடு."

அம்மா இருதயம்மாள் பூதலூரில் தையல் கடை வைத்திருந்தார். முட்டி வலியால் மிஷின் மிதிக்க முடியாமல் போனபின், யூடியூப் பார்த்துக் கல் உருட்ட ஆரம்பித்தார். பழைய கிரைண்டர் மோட்டார், உள்ளே ரப்பர் ஒட்டிய குழாய்த் துண்டுதான் உருளை. நான் இயந்திரப் பொறியாளர். வேகம் குறையப் பெரிய புல்லி மாட்டிக் கொடுத்தேன். மற்றது எல்லாம் அவர் தோற்றுத் தோற்றுக் கண்டது.

கல் மோதிச் சில்லு பெயராமல் இருக்க, மில்லில் உமி வாங்கிப் போட்டார். சித்திரை வெயிலில் உமி புளித்து, மூடி தெறித்து, சுவரெல்லாம் சேறு.

"ஃபாதர்ட்ட சொல்லிடாதடி. வீட்டுல கள்ளு போடுறேன்னு நெனைப்பாரு."

பிறகு உமிக்குப் பதில் பொடிக் கூழாங்கல். உருளை முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிரம்ப வேண்டும்; அதற்கும் குறைந்தால் கல் விழுந்து உடையும், கூடினால் புரளாது. பாலிஷுக்குத் தனி உருளை. சுற்றுக்குச் சுற்று நடுவே சோப்புத் தண்ணீரில் ஓர் ஓட்டம். கல் மங்கலாக வந்தால் பாலிஷ் பொடியைக் கூட்ட மாட்டார். முந்தைய சுற்றுக்கே திரும்புவார். வாரக்கணக்கில் ஆகும். தைத்ததைப் பிரித்துத் தைக்க அலுக்காத கை.

ஆன்ட்டியின் கல் விரிசலை ஊசியால் குடைந்து குடைந்து கழுவி, குழாயடியில் உட்கார்ந்த அன்றே பாலிஷ் உருளையில் போட்டார். மறுநாள் காலை மாரடைப்பில் போய்விட்டார்.

வீடு நிறைய ஜனம். ஜெபமாலைக்கு நடுவே கொல்லையில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா ரெமிஜியஸ் போய்ச் சுவிட்சில் கை வைத்தார்.

"எழவு வீட்டுல என்ன லின்சி இந்தச் சத்தம்?"

"நிறுத்தாதீங்க சித்தப்பா. நின்னா சேறு கல்லுல இறுகிடும்."

ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். "கல்லு போனாப் போவுதுடி. அணைச்சிரு."

"உடையாதுன்னு அம்மா சொன்னாங்க ஆன்ட்டி."

சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் உருளையைத் திறந்தேன். கழுவி, துடைத்து, காயவைத்தேன். காய்ந்த பிறகும் ஈரமாக இருப்பது போலத் தெரிந்தால்தான் பாலிஷ் சரி. அப்படித்தான் இருந்தது. விரிசல் நீளவில்லை. ஒரு கீறல் இல்லை.

ஆன்ட்டி வந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க ஆன்ட்டி."

"இங்க வச்சு வாங்க மாட்டேன். வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்னு உங்கம்மா சொல்லிருக்கா. நீ கொண்டா."

பக்கத்துத் தெருதான். கொடுத்துவிட்டால் அம்மா விட்டுப்போன வேலை முடிந்துவிடும். நான் இன்னும் போகவில்லை.