ஒன்பதாவது பயிற்சி

அந்த மதியம் வில்லியம் முதலில் கேட்டது, ஃபேன் போடட்டுமா என்றுதான். ஜுவேரியா வேண்டாம் என்றாள். பாடத்திட்டக் குழுவில் அவளைப் போட்டிருக்கிறார்களாமே, உண்மையா என்று அடுத்துக் கேட்டார். அவள் தலையாட்டினாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத விரிவுரையாளர் அவள். அவரோ அடையாறிலிருந்த அந்தக் கல்லூரியின் நெட்வொர்க் லேபை இருபத்தாறு வருடங்களாகப் பார்த்துக்கொள்பவர். மூலையிலிருந்த, எல்லோரும் தாத்தா என்று கூப்பிடும், மஞ்சளாகிப்போன பழைய கம்ப்யூட்டரிடம் அவளை அழைத்துப் போனார்.

"ஒம்பதாவதத் தூக்கிடுங்க மேடம். தாத்தாவுக்கு எப்பவோ நேரம் வந்துடுச்சு. நான்தான் போவ விடாம புடிச்சி வச்சிகினு கீறேன்."

லேப் பட்டியலின் ஒன்பதாவது பயிற்சி, கம்ப்யூட்டர்கள் வளையமாக நின்று, தங்கள் முறை வரும்வரை காத்திருந்து பேசும் ஒரு பழைய ஏற்பாடு. எந்த அலுவலகத்திலும் இப்போது அது கிடையாது. அதைச் செய்துகாட்டும் மென்பொருள் தாத்தாவில் மட்டும்தான் திறக்கும். இன்டர்வியூவில் பசங்கள் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்றார் வில்லியம். எடுத்துவிடுகிறேன் என்றாள். நிஜமாகவா என்று இன்னொரு தரம் கேட்டார். நிஜமாகத்தான் என்றாள்.

சாந்தோமில், தேவாலயத்துக்குப் பின்சந்தில் அவர் வீடு. சனிக்கிழமைகளில் ரிச்சி தெருவில் தாத்தாவுக்குப் பொருந்தும் பழைய உதிரிகளைத் தேடி அலைவார். தன் மூட்டுவலிக்கு டாக்டரிடம் வர நேரமில்லாதவர் அதற்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறார் என்று மனைவி கிளாடிஸ் குத்திக்காட்டுவாள். தேர்வு நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து அதை ஓடவிடுவார். தாத்தா எழுந்தாச்சா என்று கேட்டுக்கொண்டேதான் மாணவர்கள் உள்ளே வருவார்கள்.

குழுக் கூட்டத்துக்கான வரைவில் ஜுவேரியா ஒன்பதாவதை அடித்திருந்தாள். தலைவர் கோதண்டபாணி பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்து லேப் பட்டியலில் நின்றார். அந்தப் பயிற்சியை ஒரு காலத்தில் கொண்டுவந்தவரே அவர்தான்.

"ஒன்பதாவது எங்கேம்மா?"

சொல்லவேண்டிய நாலு வாக்கியங்களைப் பஸ்ஸிலேயே மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"டைப்பிங்ல விட்டுப்போச்சு சார்."

அவர் தன் பேனாவாலேயே அதை எழுதிச் சேர்த்தார். ஒருமுறை நிறைவேறிய பாடத்திட்டத்தை நாலு வருடங்களுக்கு யாரும் தொட முடியாது. குழு ஒத்துக்கொள்ளவில்லை என்று வில்லியமிடம் சொன்னாள். பரவாயில்லை, கேட்டுப் பார்த்தீர்களே என்றார். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

மூன்றாம் வருடத் தேர்வில் சிம்ரா என்ற மாணவி எடுத்த சீட்டில் ஒன்பது வந்தது. தாத்தா எழவில்லை. வில்லியம் மேஜைக்கடியில் படுத்து எதையெல்லாமோ கழற்றி மாட்டினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, சிம்ராவை வேறு சீட்டு எடுக்கச் சொன்னார். பிறகு அறிக்கை எழுதினார்: லேப் ஊழியர் கருவிகளைச் சரிவரப் பராமரிக்கவில்லை. அதன் கீழே உள் தேர்வாளரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஜுவேரியா போட்டாள்.

மறுவாரமே வில்லியமை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் குழு மறுபடி கூடியது. கோதண்டபாணி இல்லை. ஒன்பதாவதை எடுத்துவிடலாம் என்று ஜுவேரியா சொன்னாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பழைய சாமான் வண்டி வந்து தாத்தாவை ஏற்றிக்கொண்டு போனது. வில்லியமின் எண் அவள் போனில் இருந்தது. கூப்பிட்டால், அன்றைக்கு ஒத்துக்கொள்ளாத குழு யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் கூப்பிடவில்லை.

கிடங்குக்குப் போன அன்று, லேப் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"என்னிக்காவது அந்த ஒம்பதாவத எடுத்தாங்கன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க மேடம். நானே வந்து அத ஆஃப் பண்றேன்."